‘தெரியும்’ என்பதைத் தரவாக எழுதுவது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் குழு கட்டற்ற மென்பொருள்களை மொழிபெயர்க்கிறது. சுமார் முப்பது பேர் இருக்கிறோம். பெரும்பாலானவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஒருநாள் ஒரு செயலியில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. எழுத்துருக் கோப்பைத் திறந்து சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். குழுவில் விசாரித்தால், யாருக்கு அது தெரியும் என்பதே யாருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் அதே மாதிரி வேலையை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்களில் ஒருவர் செய்து கொடுத்திருந்தார். அவர் குழுவை விட்டுப் போகவும் இல்லை. அவர்தான் அந்த ஆள் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு வேலை ஒரே மாலையில் முடிந்தது.

அந்த இரண்டு வாரம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆள் இருந்தும், திறன் இருந்தும், அது எங்கும் எழுதப்படாததால் வேலை நின்றது. சரி, எழுதி வைத்துவிடலாம் என்று இறங்கினோம். எழுதுவது இவ்வளவு சிக்கலாக இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. அடுத்த ஓராண்டில் என்ன செய்தோம், எங்கே தவறினோம், கடைசியில் எந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதே இந்த ஆய்வு.

முதலில் ஒரு விரிதாள்

பெயர், திறன், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் என்று மூன்று நிரல்கள். எல்லோரும் தாங்களே நிரப்பினார்கள். இரண்டே நாளில் அது பயன்படாது என்று தெரிந்துவிட்டது.

ஒருவர் ‘டிசைன்’ என்று எழுதினார், இன்னொருவர் ‘வடிவமைப்பு’ என்றார், மூன்றாமவர் ‘போஸ்டர் செய்வேன்’ என்றார். மூன்றும் ஒன்றா, வேறு வேறா என்று கணினிக்கு மட்டுமல்ல, எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. மதிப்பெண் நிரல் அதைவிட மோசம். எழுத்துருவைச் சரிசெய்தவர் தனக்குப் போட்டுக்கொண்டது இரண்டு. ஏன் என்று கேட்டேன். “இதில் உண்மையாகவே தேர்ந்தவர்களின் வேலையை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான்” என்றார். ஒரு துறையில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று கண்டவர் தன்னைக் குறைவாகத்தான் மதிப்பிடுகிறார். கரையில் நிற்பவருக்கு ஆழம் தெரியாது, அதனால் ஐந்து போட்டுக்கொள்கிறார். இந்த எண்களை வைத்து யாரைக் கூப்பிடுவது?

ஆக, இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒரு திறனுக்கு எல்லோரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். தனக்குத் தெரியும் என்று ஒருவர் தானே சொல்லிக்கொள்வது போதாது.

விக்கித்தரவைத் திறந்தபோது

முதல் பாடம் எங்களை விக்கித்தரவுக்குக் கொண்டுபோனது. 2012 அக்டோபர் 29 அன்று தொடங்கிய திறந்த அறிவுத்தளம் அது. ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே ஓர் உருப்படி, அதற்கு ஓர் எண். ஒவ்வோர் உறவுக்கும் ஒரு பண்பு, அதற்கும் ஓர் எண். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் எண் ஒன்றுதான். ‘டிசைன்’ தகராறு அங்கே எழவே எழாது. ஒவ்வொரு கூற்றோடும் தொடங்கிய நாள், முடிந்த நாள் போன்ற துணைக் குறிப்புகளைச் சேர்க்கலாம், கீழே சான்றும் கொடுக்கலாம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு அங்கே உருப்படிகள் இருக்கின்றன. மனிதர்களின் திறனைச் சொல்லும் வழியும் இருக்கத்தானே வேண்டும்?

இருந்தது, ஆனால் நாங்கள் நினைத்த வடிவத்தில் இல்லை.

முதலில் கைவைத்தது பி 106 என்ற எண்ணுள்ள பண்பு, அதாவது தொழில். எங்கள் குழுவில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார், மொழிபெயர்ப்பில் தேர்ந்த கை அவருடையது. அவருடைய தொழில் என்ன? பல் மருத்துவம். தொழில் என்ற இடத்தில் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று போட்டால் அது பொய்யாகிவிடாதா என்று அவரே தயங்கினார். அவர் தயங்கியது சரி. தொழில் என்பது ஒருவர் உலகில் எந்த இடத்தில் நிற்கிறார் என்று சொல்வது. அவருக்கு என்ன செய்ய வரும் என்பது வேறு கேள்வி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்சிஓ-08 வகைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். உலகின் தொழில்கள் எல்லாம் அதில் 436 அடிநிலைப் பிரிவுகளில் அடங்கிவிடுகின்றன. எழுத்து மொழிபெயர்ப்பாளர், மேடையில் உடனுக்குடன் பெயர்த்துச் சொல்பவர், மொழியியலாளர் ஆகிய மூவரும் 2643 என்ற ஒரே பிரிவுக்குள் இருக்கிறார்கள். புள்ளிவிவரம் எடுக்க அது போதும். மேடைக்கு ஆள் தேடுகிறவருக்குப் போதாது. எழுதி மொழிபெயர்ப்பதில் மன்னனாக இருப்பவர் மேடையில் வாயடைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்து பி 101, பணிப்புலம். ‘எழுத்துருவியல்’ என்று ஒருவருக்குப் போட்டால், அவர் எழுத்துருக்களின் வரலாற்றை ஆராய்பவரா, எழுத்துரு வரைபவரா, உடைந்த கோப்பைச் சரிசெய்பவரா? மூவருக்கும் புலம் ஒன்று, கைத்திறன் மூன்று.

குறுகிய பண்புகளில்தான் தெளிவு இருந்தது. பி 1303, ஒருவர் வாசிக்கும் இசைக்கருவி. பி 1412, ஒருவர் பேசும், எழுதும் அல்லது சைகையால் சொல்லும் மொழி. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகைத் திறனை மட்டும் சொல்கிறது, அதனால் குழப்பம் இல்லை. ஆனால் உலகில் உள்ள ஒவ்வொரு திறன் வகைக்கும் தனித்தனிப் பண்பு கேட்டு வாங்க முடியாது. ஒவ்வொரு புதிய பண்பும் முன்மொழிவு, விவாதம் என்று போய்த்தான் உருவாகிறது. உருவாக வேண்டியதும் அப்படித்தான்.

இணையப் பக்கங்களில் உள்ள தரவை விவரிக்கப் பயன்படும் ஸ்கீமா டாட் ஆர்க் சொல்தொகுதியில் ‘இதைப் பற்றி அறிந்தவர்’ என்ற பொருளில் ஒரு பண்பு இருப்பதைப் பார்த்தோம். அதை வகுத்தவர்கள் எச்சரிக்கையோடு எழுதியிருக்கிறார்கள். இது நிபுணத்துவம் இருக்கலாம் என்று காட்டும், இருக்கிறது என்று உறுதி சொல்லாது, திறனின் அளவையும் வேறுபடுத்தாது என்பது அதன் விளக்கத்தின் சாரம். எத்தனையோ பேர் கூடி யோசித்தும் அந்த அளவில் நிறுத்திக்கொண்டார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்று அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எஸ்கோ வகைப்பாட்டையும் துழாவினோம். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட திறன்களும் அறிவுப் பகுதிகளும் அதில் பெயரிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தொழிலுக்கும் எந்தத் திறன் அவசியம், எது விருப்பம் என்றும் குறித்திருக்கிறார்கள். திறன்களுக்குப் பெயர் வேண்டுமானால் இது நல்ல சுரங்கம். அதில் ஒரு குறுக்குவழியும் கண்ணில் பட்டது. ஒருவருடைய தொழில் தெரியும், அந்தத் தொழிலுக்கு அவசியமான திறன்கள் தெரியும், ஆகவே அவருக்கு அந்தத் திறன்கள் எல்லாம் உண்டு என்று கணினியை வைத்தே நிரப்பிவிடலாமே! செய்தும் பார்த்தோம். எங்களில் ஒருவருக்கு ஒரே நொடியில் இருபதுக்கும் மேல் திறன்கள் முளைத்தன. பட்டியலைப் பார்த்த அவர், “இதில் பாதியை நான் வாழ்க்கையில் தொட்டதில்லை” என்றார். யாருமே சொல்லாத கூற்றை, சொன்னதுபோலத் தரவில் ஏற்றும் வழி அது. உடனே அழித்தோம். இதில் எனக்கு இன்றும் கடுமையான கருத்து உண்டு. மனிதர்களைப் பற்றி ஊகித்து நிரப்பிய தரவு, வெற்றிடத்தைவிடக் கெட்டது.

சதுரங்கமும் ஒரு காப்புரிமையும்

இரண்டு எடுத்துக்காட்டுகள்தான் எங்கள் யோசனையைத் திருப்பின.

முதலாவது சதுரங்கம். ஆட்ட முடிவுகளிலிருந்து ஒரு வீரரின் வலிமையைக் கணக்கிடும் ஈலோ தரமதிப்பெண்ணுக்கு விக்கித்தரவில் தனிப் பண்பு இருக்கிறது, பி 1087. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இந்த முறையை 1970இல் ஏற்றுக்கொண்டது. நார்வே வீரர் மாக்னஸ் கார்ல்சன் 2014 மே மாதப் பட்டியலில் 2882 பெற்றிருந்தார் என்று எழுதும்போது யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஏன்? இவர் நன்றாக ஆடுவார் என்று அந்தக் கூற்று சொல்லவே இல்லை. இந்தத் தேதியில், இந்த அமைப்பு, இத்தனை ஆட்டங்களின் விளைவாக, இந்த எண்ணைக் கொடுத்தது என்றுதான் சொல்கிறது. நாளை அவர் ஆட்டம் தளர்ந்தாலும் இந்தக் கூற்று பொய்யாகாது. தேதி அதைக் காப்பாற்றிவிடும்.

ஆனால் சதுரங்கம் மாதிரி ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கு வைக்கும் துறைகள் மிகச் சில. மற்றவற்றுக்கு என்ன செய்வது என்பதற்கு ஹெடி லமாரின் வாழ்க்கை வழிகாட்டியது. உலகம் அவரை நெடுங்காலம் நடிகை என்று மட்டுமே அறிந்திருந்தது. ஆனால் 1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்கக் காப்புரிமை 2,292,387 அவருக்கும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலுக்கும் வழங்கப்பட்டது. வானொலி வழி இயக்கப்படும் டார்பிடோவை, அதாவது நீரடியில் பாயும் குண்டை, எதிரி குழப்பிவிடாதபடி, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே நேரத்தில் அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கும் முறை அது. இரண்டையும் ஒத்து ஓடவைக்க அவர்கள் எடுத்தது, தானியங்கிப் பியானோவில் போடும் துளையிட்ட காகிதச் சுருள். அலைவரிசைகளின் எண்ணிக்கை 88, பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனை. பல தானியங்கிப் பியானோக்களை ஒருசேர ஓடவைக்க ஆன்தைல் ஏற்கனவே பட்ட பாடு இங்கே வந்து உதவியது.

இந்த இருவருக்கும் திறன்களை எழுதுங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்? ‘வானொலிப் பொறியியல்’ என்றா? இருவரும் அதில் பட்டம் பெற்றவர்கள் இல்லை. தொழில் என்ற இடத்தில் ‘கண்டுபிடிப்பாளர்’ என்று ஒரு சொல் சேர்க்கலாம், சேர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் காகிதச் சுருள் அனுபவம் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. அதுவே காப்புரிமையை ஓர் உருப்படியாக வைத்து, உருவாக்கியவர்கள் இந்த இருவர், பொருள் இது, நாள் இது, எண் இது என்று எழுதினால் முழுக்கதையும் தரவுக்குள் வந்துவிடுகிறது. திறனைப் பெயரடையாக மனிதர்மேல் ஒட்ட வேண்டியதில்லை. அவர் செய்த வேலையை எழுதினால் போதும், திறன் அதற்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் ஆய்வின் திருப்புமுனை இதுதான். ‘இவருக்கு எழுத்துரு வேலை தெரியும்’ என்பது ஒரு கருத்து. ‘இவர் இந்த எழுத்துருக் கோப்பை இந்தத் தேதியில் சரிசெய்தார், மாற்றப் பதிவு இதோ’ என்பது நடந்த ஒன்று. திறந்த தரவுத்தளம் தாங்கக்கூடியது இரண்டாவதைத்தான். முதலாவதை, கேட்கிறவர் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியாக ஒரு வினவல் எழுதித் தானே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆய்வுலகில் இதை ஏற்கனவே செய்கிறார்கள் என்பதைப் பின்னர் கவனித்தோம். ஸ்காலியா என்ற கருவி விக்கித்தரவின்மேல் ஓடுகிறது. ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரைகளின் தலைப்புப் பொருள்களைத் திரட்டி, அவர் எவற்றில் உழைத்திருக்கிறார் என்று காட்டுகிறது. அவரைப் பற்றி யாரும் எதையும் புகழ்ந்து எழுத வேண்டியதில்லை. இதில் ஒரு குறை உண்டு. நாற்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் கணக்கைப் போட்டவர் யார், கருவியை அமைத்தவர் யார் என்பது ஆசிரியர் பட்டியலில் தெரியாது. அந்தக் குறைக்குத்தான் கிரெடிட் என்ற வகைப்பாடு வந்தது. கருத்துருவாக்கம், மென்பொருள், சரிபார்ப்பு, காட்சிப்படுத்தல் என்று 14 பங்களிப்பு வகைகள் அதில் உள்ளன. 2022இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆனது. எங்களுக்கு வேண்டிய அச்சு கிட்டத்தட்ட அப்படியே அங்கே இருந்தது.

சைகை மொழி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத வேண்டும். எங்கள் பெரிய தவறு இங்கேதான் நடந்தது.

விரிதாளில் இருந்ததை வைத்து எங்கள் உறுப்பினர் சிலருக்கு விக்கித்தரவில் உருப்படி தொடங்கும் வேலையை நான் ஆர்வக்கோளாறில் ஆரம்பித்துவிட்டேன். ஒருவருக்கு பி 1412 கீழே ஒரு சைகை மொழியைச் சேர்த்தேன். அவர் தானே விரிதாளில் எழுதியதுதான். அன்று மாலையே அவரிடமிருந்து அழைப்பு. கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “எனக்கு அந்த மொழி ஏன் தெரியும் என்று யோசித்தீர்களா? என் வீட்டில் ஒருவருக்காகக் கற்றது. அவர் அதை வெளியில் சொல்வதில்லை” என்றார்.

ஒரு திறன் அதைப் பெற்ற வழியையும் கூடவே சொல்லிவிடுகிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. ஊசி போடத் தெரியும் என்றால் வீட்டில் யாருக்கோ நீண்ட நாள் நோய் என்று பொருளாகலாம். ஒரு சிறுபான்மை வட்டார வழக்கு தெரியும் என்றால் பிறப்பிடமும் இனமும் வெளியே வரலாம். எந்தத் திறனும் தனியாகப் பார்த்தால் பெருமைக்குரியதுதான். நாலைந்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வாழ்க்கையின் உள்ளறை தெரிகிறது. விக்கித்தரவு சிசி0 உரிமத்தில் இருப்பது, யார் வேண்டுமானாலும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம். வாரந்தோறும் முழுத் தரவும் கோப்பாக வெளிவருகிறது. இங்கே நீக்கினாலும் எங்கெங்கு பிரதி போனது என்று பின்தொடர முடியாது. அந்தக் கூற்றை அன்றே நீக்கி, திருத்த வரலாற்றிலிருந்தும் மறைக்கக் கோரினேன், மறைத்தும் தந்தார்கள். இருந்தாலும் அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டிருந்தாலும் அந்த உருப்படிகள் அங்கே இருக்கத் தக்கவை இல்லை. விக்கித்தரவின் குறிப்பிடத்தக்கமை விதி தெளிவானது. விக்கிப்பீடியா போன்ற விக்கிமீடியா தளம் ஒன்றில் பக்கம் இருக்க வேண்டும், அல்லது நம்பத்தக்க பொதுச் சான்றுகள் விவரிக்கும் பொருளாக இருக்க வேண்டும், அல்லது வேறு உருப்படிகளுக்கு அமைப்பு வகையில் தேவைப்பட வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் தனியே எச்சரிக்கையும் உண்டு. எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தங்கள் வேலையால் அறியப்பட விரும்புகிறவர்கள், ஆளாக அறியப்பட விரும்பாதவர்கள். நான் தொடங்கிய எல்லாவற்றையும் நீக்கக் கோரினேன்.

விக்கிமீடியா பயனர்களிடையே பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது, பேபல் பெட்டி. ஒவ்வொருவரும் தம் பயனர் பக்கத்தில், தாமே, எந்த மொழி எந்த அளவு தெரியும் என்று 0 முதல் 5 வரை எண்ணோ, தாய்மொழி என்ற குறியோ போட்டுக்கொள்கிறார்கள். விருப்பமானவர் போடுவார், வேண்டாதவர் விட்டுவிடுவார், போட்டவரே எடுத்தும் விடலாம். எளிமையான ஏற்பாடு. பண்புகள், எண்கள் என்று சுற்றிக்கொண்டிருந்த நான் சம்மதம் என்பது எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

எங்கள் வடிவம்

விக்கித்தரவு ஓடும் விக்கிபேஸ் மென்பொருளை யாரும் தனியாக நிறுவிக்கொள்ளலாம். நாங்களும் நிறுவினோம். திறன்களுக்கும் மொழிகளுக்கும் மென்பொருள்களுக்கும் புதுப்பெயர் சூட்டவில்லை, விக்கித்தரவின் எண்களையே சுட்டினோம். பொதுவானவை பொதுவிடத்தில், மனிதர்கள் எங்களிடத்தில்.

நடுவில் இருப்பது செயல். ஒவ்வொரு செயலும் ஓர் உருப்படி: யார் செய்தார், எதன்மேல் செய்தார், எந்தத் திறனைப் பயன்படுத்தினார், எப்போது, சான்று எங்கே. மனிதர் உருப்படியில் திறன் என்ற பண்பே கிடையாது. புனைபெயர் போதும். ‘இவர் இதில் வல்லவர்’ என்று எழுத இடமே வைக்கவில்லை. சிலர் இதை எதிர்த்தார்கள், பாராட்டுக்கு இடம் வேண்டாமா என்று கேட்டார்கள். செயலை எழுதி நாளிட்டு வைப்பதே பாராட்டு என்பது என் நிலை.

மதிப்பெண்ணையும் எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி: இதில் உதவி கேட்டால் வருவீர்களா? ‘வருவேன்’, ‘கற்றுக்கொடுப்பேன்’, ‘இப்போதைக்கு வேண்டாம்’. பதிலோடு தேதி. ஆறு மாதம் ஆனால் மறுபடி கேட்கப்படும். திறன் இருப்பதும் கூப்பிட்டால் வர மனம் இருப்பதும் வேறு வேறு. தேடுகிறவருக்கு இரண்டாவதுதான் முதலில் தெரிய வேண்டும். அப்புறம், கடைசியாக எப்போது செய்தார் என்பதை வினவல் தானே காட்டுகிறது. பத்து ஆண்டுக்கு முன் ஒரு நிரல்மொழியில் கரைகண்டவரை இன்று எழுப்பிக் கேட்டால் அவருக்கே சங்கடம்.

சில மாதம் கழித்து அதே மாதிரி எழுத்துருச் சிக்கல் இன்னொரு செயலியில் வந்தது. ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் கேட்டபோது இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவர் நாங்கள் அறிந்தவர். இன்னொருவரை நாங்கள் ஆவணம் திருத்துபவர் என்றே நினைத்திருந்தோம். பழைய மாற்றப் பதிவுகளைச் செயல்களாக ஏற்றியபோது அவர் பெயர் தானே மேலே வந்துவிட்டது. அன்று மாலையே வேலை முடிந்தது.

பதிவாகாத வேலை

இந்த வடிவத்துக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை மறைக்க விருப்பமில்லை. செயலுக்குச் சுவடு இருந்தால்தான் பதிவாகும். கோப்பை மாற்றுபவருக்குச் சுவடு உண்டு. கோப்பு கெட்டுப்போகாமல் முன்கூட்டியே எச்சரிப்பவருக்குச் சுவடு இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். புதிதாக வந்தவர்கள் திணறும்போது தனியாக அழைத்து மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பார். எங்கள் தரவின்படி அவர் இரண்டு ஆண்டாக ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. அந்த வினவல் முடிவைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. குழு நிலைத்து நிற்பதே அவரால்தான்.

அதனால் செயலில் ஒரு வகை சேர்த்தோம், ‘கற்பித்தது’. அதைக் கற்பித்தவர் எழுத முடியாது, கற்றவர்தான் எழுத வேண்டும், எழுதும் முன் கற்பித்தவரின் சம்மதம் கேட்க வேண்டும். சான்று என்ற இடத்தில் கற்றவரின் சொந்த முதல் மாற்றப் பதிவு நிற்கும். சுவடு இல்லாத உழைப்பு, இன்னொருவரின் சுவட்டில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. எச்சரித்துத் தடுத்த தவறுகளை எப்படி எழுதுவது என்பதற்கு இன்னும் வழி காணவில்லை. இரண்டு யோசனைகள் முன்வந்து இரண்டும் நிற்கவில்லை.

அந்த வகையைச் சேர்த்த வாரத்தில் புதிய பதிவுகள் பதினொன்று வந்தன. அவற்றில் ஒன்பதில் கற்பித்தவர் என்ற இடத்தில் இருந்தது அவர் புனைபெயர்.